களிமண்ணும் எதிர்மின், பாலிமரும் எதிர்மின், அப்புறம் எப்படி ஒட்டுகிறது?

நீங்கள் கேட்டதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், படிப்பவர்களுக்கும் வசதி. ஒரு ஜாடியில் கயோலின், இன்னொன்றில் பென்டோனைட், இரண்டும் களிமண் வகைகள். இரண்டிலும் எதிர்மின்சுமை உள்ள பாலிஅக்ரிலமைடு என்ற பாலிமரின், அதாவது நீளச் சங்கிலி மூலக்கூறின், கரைசலை ஊற்றியிருக்கிறீர்கள். களிமண்ணும் எதிர்மின், பாலிமரும் எதிர்மின், ஒன்றையொன்று விலக்கத்தானே வேண்டும்? ஆனால் கயோலின் ஜாடியில் பொலபொலவென்று திரள் விழுகிறது, பென்டோனைட்டில் அவ்வளவாக இல்லை. பாலிமர் அளவை இரட்டிப்பாக்கினால் தெளிந்த தண்ணீர் மறுபடி கலங்கிவிட்டது. ஒட்டிய பாலிமரைத் தண்ணீர் விட்டு எத்தனை முறை அலசினாலும் வரவில்லை. இத்தனைக்கும் பாடப்புத்தகம் இது வெறும் ஹைட்ரஜன் பிணைப்பு, வலுவற்றது என்கிறது. ஏன்?

நாலு கேள்வி மாதிரி தெரிந்தாலும் சிக்கல் ஒரே இடத்தில்தான் இருக்கிறது. களிமண்ணுக்கு ஒரு பரப்பு என்று நினைத்துக்கொண்டு யோசிக்கிறீர்கள். அதற்கு இரண்டு உண்டு, சில வகைகளுக்கு மூன்று. எந்தப் பரப்பில் ஒட்டுகிறது என்று கேட்காமல் ஒட்டுமா ஒட்டாதா என்று கேட்டால் பதில் குழப்பமாகத்தான் வரும். நானும் ஆரம்பத்தில் இதே தப்பைச் செய்து பல மாதம் புரியாத எண்களைக் குறித்துக்கொண்டிருந்தவன்தான்.

சரி, பரப்பிலிருந்தே வருவோம். களிமண் கனிமம் என்பது அடுக்கடுக்கான தகடு. சிலிக்கன்-ஆக்சிஜன் தாள் ஒன்றும் அலுமினியம்-ஹைட்ராக்சில் தாள் ஒன்றும் சேர்ந்தால் கயோலினைட், அதாவது கயோலினின் முக்கியச் சரக்கு. அந்த அடுக்கு 0.72 நானோமீட்டருக்கு ஒரு தடவை திரும்பத் திரும்ப வரும். அடுக்குகளுக்கு நடுவே ஹைட்ரஜன் பிணைப்பு இறுக்கிப் பிடித்திருப்பதால் சாதாரணமாக உள்ளே தண்ணீர்கூட நுழையாது, பாலிமரைப் பற்றிப் பேச்சே இல்லை. இரண்டு சிலிக்கா தாளுக்கு நடுவில் ஒரு அலுமினா தாள் வைத்துச் சாண்ட்விச் போலக் கட்டினால் மான்ட்மோரில்லோனைட், அதாவது பென்டோனைட்டின் முக்கியச் சரக்கு. தகட்டின் தடிமன் சுமார் 1 நானோமீட்டர், அகலம் சில நூறு நானோமீட்டர். ஒரு காகிதத்தின் தடிமன் 0.1 மில்லிமீட்டர் என்று வைத்தால், பத்து சென்டிமீட்டர் அகலத்துக்கு வெட்டிய காகிதத் துண்டின் விகிதம் ஆயிரத்துக்கு ஒன்று. மான்ட்மோரில்லோனைட் தகடும் கிட்டத்தட்ட அந்த மாதிரிதான். மண் துகள் என்றதும் கண்ணில் வரும் உருண்டையை மறந்துவிடுங்கள், காகிதக் கட்டை நினைத்துக்கொள்ளுங்கள்.

இதில் தகட்டின் முகம், அதாவது மேலும் கீழும் உள்ள பரந்த பரப்பு, நிரந்தரமாக எதிர்மின்சுமை உள்ளது. படிகத்துக்குள்ளே அலுமினியம் இருக்க வேண்டிய இடத்தில் மெக்னீசியமும், சிலிக்கன் இருக்க வேண்டிய இடத்தில் அலுமினியமும் உட்கார்ந்துவிட்டதால் வந்த குறைபாடு இது. பிஎச் எதுவானாலும் மாறாது. இந்தச் சுமையைச் சமன்செய்ய சோடியம், கால்சியம் மாதிரி நேரயனிகள் முகத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும், வேறு அயனி வந்தால் இடம் மாற்றிக்கொடுக்கும்.

தகட்டின் விளிம்பு வேறு ஜாதி. படிகம் அங்கே முறிந்திருக்கிறது. முறிந்த இடத்தில் அலுமினியத்தோடும் சிலிக்கனோடும் ஒட்டிய ஹைட்ராக்சில் குழுக்கள் தொங்குகின்றன. பிஎச் குறைந்தால் அவை புரோட்டானை வாங்கி நேர்மின்சுமை பெறும், கூடினால் புரோட்டானை விட்டு எதிர்மின்சுமை பெறும். நடுநிலைக்குப் பக்கத்திலோ சற்று அமிலப் பக்கத்திலோ மாறும் புள்ளி இருக்கிறது. உங்கள் எதிர்மின் பாலிமருக்குக் கதவு திறந்திருப்பது இங்கேதான்.

மூன்றாவது, மான்ட்மோரில்லோனைட் மாதிரி வீங்கும் களிமண்ணுக்கு மட்டும் உள்ள அடுக்கிடைவெளி. காய்ந்திருக்கும்போது அடுக்கு தூரம் 1 நானோமீட்டருக்குச் சற்றுக் கீழே. ஒரு அடுக்கு தண்ணீர் நுழைந்தால் சுமார் 1.25, இரண்டு அடுக்கு நுழைந்தால் சுமார் 1.55. சோடியம் வகையாக இருந்து தண்ணீரும் தாராளமாக இருந்தால் தகடுகள் பிரிந்தே போய்விடும். கால்சியம் வகை அப்படி இல்லை, சுமார் 1.9 நானோமீட்டரோடு நின்றுகொண்டு தகடுகள் கட்டுக்கட்டாகவே இருக்கும்.

இப்போது உங்கள் இரண்டு ஜாடிக்கும் ஒரு கணக்குப் போடலாம், எளிமையானதுதான். வட்டத் தகடு, விட்டம் 500 நானோமீட்டர். கயோலினைட் துகளின் தடிமன் 50 நானோமீட்டர் என்று வைப்போம். விளிம்புப் பரப்புக்கும் இரண்டு முகங்களின் பரப்புக்கும் உள்ள விகிதம், தடிமனின் இரு மடங்கை விட்டத்தால் வகுத்தால் வருவது. 100-ஐ 500-ஆல் வகுத்தால் 20 சதவீதம். அதே விட்டத்தில் பிரிந்த மான்ட்மோரில்லோனைட் தகடு, தடிமன் 1 நானோமீட்டர். 2-ஐ 500-ஆல் வகுத்தால் 0.4 சதவீதம். பார்த்தீர்களா? எதிர்மின் பாலிஅக்ரிலமைடுக்குப் பிடித்த இடம் விளிம்பு. கயோலினில் அது ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கு இருக்கிறது, பென்டோனைட்டில் தேடித்தான் பார்க்க வேண்டும். மொத்தப் பரப்பை மட்டும் பார்த்தால் நிலைமை நேர் தலைகீழ். கயோலினைட்டுக்கு கிராமுக்கு 10 முதல் 20 சதுர மீட்டர், மான்ட்மோரில்லோனைட்டுக்கு உள்பரப்பையும் சேர்த்து 750 சதுர மீட்டர் அளவு. ஆனால் அந்த 750-இல் பெரும்பகுதி உங்கள் பாலிமருக்குப் பூட்டிய வீடு.

அடுத்து, வலுவற்ற பிணைப்பு ஏன் அலசினாலும் விடாமல் பிடிக்கிறது என்பது. ஒரு கம்பளிப்பூச்சியை இலையிலிருந்து பிய்த்துப் பார்த்திருக்கிறீர்களா? ஒரு கால் பிடிப்பது ஒன்றுமே இல்லை. ஆனால் ஒரு காலைத் தூக்குவதற்குள் மற்ற கால்கள் பிடித்திருக்கும், தூக்கிய காலும் திரும்ப இலையைத் தொட்டுவிடும். பாலிமர் கதையும் இதேதான், கால்தான் ஆயிரக்கணக்கில். சங்கிலியின் ஒரு கண்ணி, அதாவது திரும்பத் திரும்ப வரும் சிறு அலகு, பரப்போடு வைத்திருக்கும் தொடர்பு வெப்ப அசைவின் ஆற்றலைவிடக் குறைவாகவே இருக்கலாம், தனி மூலக்கூறாக இருந்தால் வந்த வேகத்தில் போய்விடும். அதே கண்ணி ஒரு லட்சம் கண்ணிகளோடு கோத்திருந்தால், எல்லாத் தொடர்பும் ஒரே நேரத்தில் அறுந்தால்தான் சங்கிலி கிளம்ப முடியும், அதற்கு வாய்ப்பே இல்லை. தண்ணீர் விட்டு அலசுவது ஒவ்வொரு கண்ணிக்கும் போய்விடு என்று தனித்தனியாகச் சொல்வது மாதிரி. ஒன்று கேட்கும், பக்கத்துக் கண்ணி கேட்காது.

இதனால் நிரந்தரமாக ஒட்டிவிட்டது என்று முடிவுகட்டக் கூடாது. கண்ணிகள் ஒவ்வொன்றும் எப்போதும் கழன்று ஒட்டிக்கொண்டேதான் இருக்கின்றன. வேறு சங்கிலி, குறிப்பாக இன்னும் நீளமானது, பக்கத்தில் வந்தால் கழன்ற இடத்தை அது பிடித்துக்கொள்ளும், பழையது கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறிவிடும். பரப்பை இன்னும் பலமாக விரும்பும் ஒரு சிறிய மூலக்கூறை நிறையப் போட்டாலும் அதுவே நடக்கும். தண்ணீர் மட்டும் விட்டால் வராது, போட்டியாளரை அனுப்பினால் வரும். நீங்கள் அலசிப் பார்த்து மீளாத வினை என்று குறிப்பேட்டில் எழுதியிருந்தால் அந்த வரியை அடித்துவிடுங்கள்.

ஒட்டிய சங்கிலி தரையில் விரித்த கயிறு போலத் தட்டையாகப் படுத்திருக்கும் என்று நினைத்தால் அதுவும் பாதி சரிதான். பரப்பைத் தொட்டபடி வரிசையாகக் கிடக்கும் கண்ணிகள் உண்டு, நடுவே வளையமாக மேலே எழும்பி மறுபடி இறங்கும் பகுதிகள் உண்டு, இரண்டு நுனிகளும் வால் போலத் தண்ணீரில் நீண்டிருக்கும். 1951-லேயே யெங்கெல், ரும்பாக் என்ற இருவர் இப்படி ஒரு படத்தை முன்வைத்தார்கள். 1979-இல் ஸ்கொய்ட்யென்ஸும் ஃபிளேரும் இதைச் சரியாகக் கணக்கிடும் கோட்பாட்டைக் கொடுத்தார்கள், இன்றைக்கும் அதுதான் கைகொடுக்கிறது. அதில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று. கண்ணி பரப்பில் ஒட்டும் ஆற்றல் ஒரு குறிப்பிட்ட வாசலைத் தாண்டாவிட்டால் சங்கிலி ஒட்டவே ஒட்டாது. சுருண்டு புரண்டு சுதந்திரமாக இருந்த சங்கிலியைப் பரப்பில் படுக்கவைத்தால் அது எடுக்கக்கூடிய வடிவங்களின் எண்ணிக்கை குறைகிறது, அதாவது என்ட்ரோபி இழப்பு. அந்த நஷ்டத்தை ஈடுகட்டும் அளவுக்காவது லாபம் வேண்டும். வாசலைத் தாண்டிவிட்டாலோ, சங்கிலி நீளமாக இருப்பதால், கிட்டத்தட்ட எல்லாமே போய் ஒட்டிவிடும். உங்கள் சமவெப்பக் கோடு, அதாவது கரைசலில் மிஞ்சிய பாலிமருக்கு எதிரே ஒட்டிய அளவைப் போட்ட கோடு, தொடக்கத்தில் செங்குத்தாக ஏறிச் சட்டென்று மட்டமாவது இதனால்தான். போட்டதெல்லாம் ஒட்டுகிறது, கரைசலில் எதுவும் மிஞ்சவில்லை, பரப்பு நிரம்பியதும் நின்றுவிடுகிறது.

மின்சுமையே இல்லாத பாலிமர்களை எடுத்தால் என்ட்ரோபிக்கு இன்னொரு முகமும் தெரியும். பாலிஎத்திலீன் கிளைக்கால், பாலிவினைல் ஆல்கஹால் இரண்டும் மான்ட்மோரில்லோனைட்டில் நன்றாக ஒட்டுகின்றன. ஒட்டும்போது வெளியேறும் வெப்பம் மிகக் குறைவு, சில நேரம் வெப்பத்தை உள்ளேயே வாங்கும். அப்புறம் எது தள்ளுகிறது? தண்ணீர்தான். களிமண் முகத்திலும் அங்குள்ள நேரயனிகளைச் சுற்றியும் நிறையத் தண்ணீர் மூலக்கூறுகள் கட்டுண்டு கிடக்கின்றன. ஒரு பாலிமர் சங்கிலி வந்து உட்கார்ந்தால் அவற்றில் பெருங்கூட்டமே கிளம்பிக் கரைசலுக்குள் போகிறது. ஒருவர் சிறைக்குள் போக, நூற்றுக்கணக்கானவர் விடுதலையாகிறார்கள். மொத்தக் கணக்கில் என்ட்ரோபி கூடுகிறது. 1970-இல் பார்ஃபிட்டும் கிரீன்லாந்தும் பாலிஎத்திலீன் கிளைக்கால்களை வைத்து இதைத்தான் எடுத்துச் சொன்னார்கள். சங்கிலி நீளமானால் ஒட்டுதல் கூடுவதும், சூடாக்கினால் ஒட்டுதல் குறையாமல் சில நேரம் கூடுவதும் இந்த விளக்கத்தோடு பொருந்துகின்றன.

அடுக்கிடைவெளிக்குள் பாலிஎத்திலீன் கிளைக்கால் நுழைந்தால் எக்ஸ்-கதிர் படத்தில் அப்படியே தெரியும். ஒரு வரிசை சங்கிலி போனால் அடுக்கு தூரம் சுமார் 1.4 நானோமீட்டர், இரண்டு வரிசை போனால் சுமார் 1.8. நடுவில் உள்ள தூரங்களில் நிற்பதில்லை, படிக்கட்டில் ஏறுவது மாதிரி. சங்கிலி எவ்வளவு நீளம் என்பதும் இங்கே பெரிதாகப் பொருட்டில்லை, ஏனென்றால் அது சுருளாக நுழைவதில்லை, பாம்பு புற்றுக்குள் போவது போலத் தலையை விட்டு நீளவாக்கில் போகிறது. கிராமுக்கு 200, 300 மில்லிகிராம் என்று ஒட்டும் அளவு வருவது இப்படி உள்ளே போனால்தான். பொதுவாகச் சதுர மீட்டருக்கு 1 மில்லிகிராம் என்பது கைக்கணக்கு. கயோலினைட்டின் 15 சதுர மீட்டருக்கு அது 15 மில்லிகிராம்தான் வரும். யாராவது கயோலினில் கிராமுக்கு 200 மில்லிகிராம் ஒட்டியது என்று சொன்னால் நம்பாதீர்கள், ஒன்று கயோலின் சுத்தமில்லை, இல்லையேல் அளவீடு தப்பு.

இந்த உள்ளே நுழையும் குணம் கான்கிரீட் ஆட்களுக்குப் பெரிய தலைவலி. குறைந்த தண்ணீரில் கலவை இளகி ஓட வேண்டும் என்பதற்காக அவர்கள் போடும் பாலிகார்பாக்சிலேட் என்ற சேர்மம் சீப்பு வடிவத்தில் இருக்கும், சீப்பின் பற்கள் பாலிஎத்திலீன் ஆக்சைடு சங்கிலிகள், பாலிஎத்திலீன் கிளைக்காலின் அதே சங்கிலிதான். சிமெண்ட் துகளில் போய் ஒட்ட வேண்டிய பொருள். மணலில் ஒன்றிரண்டு சதவீதம் மான்ட்மோரில்லோனைட் இருந்தால் போதும், அந்தப் பற்கள் அடுக்குகளுக்குள் நுழைந்து மாட்டிக்கொள்ளும், சிமெண்டுக்கு ஒன்றும் மிச்சமிருக்காது, கலவை கட்டியாகிவிடும். அதே அளவு கயோலினைட் இருந்தால் பாதிப்பு எவ்வளவோ குறைவு, ஏனென்றால் நுழைய இடமில்லை. தீர்வுகளில் ஒன்று, விலை குறைந்த பாலிஎத்திலீன் கிளைக்காலை முன்னாடியே போட்டு அடுக்கிடைவெளியை நிரப்பிவிடுவது. பலிகொடுப்பதற்கென்றே ஒரு பாலிமர். எண்ணெய்க் கிணறு தோண்டுபவர்கள் இதே குணத்தை நல்லதுக்குப் பயன்படுத்துகிறார்கள். துளைச் சேற்றில் பொட்டாசியம் உப்போடு பாலிகிளைக்காலையும் சேர்த்தால், அடுக்குகளுக்குள் தண்ணீர் பிடிக்க வேண்டிய இடத்தை அது பிடித்துக்கொண்டு களிப்பாறை வீங்கி இடிவதைக் குறைக்கும்.

நேர்மின் பாலிமர்களைச் சீக்கிரம் முடித்துவிடலாம், அதில் மர்மம் குறைவு. கண்ணிக்குக் கண்ணி நேர்மின்சுமை உள்ள பாலிடாட்மாக் மாதிரியானவை களிமண் முகத்தைப் பார்த்ததும் போய் ஒட்டும். நேரயனி பரிமாற்றம்தான் நடக்கிறது. ஒரு சங்கிலி உட்கார, நூற்றுக்கணக்கான சோடியம் அயனிகள் வெளியேறும், இங்கேயும் என்ட்ரோபி லாபம். களிமண்ணின் பரிமாற்றத் திறன், அதாவது அது இடம் மாற்றிக்கொடுக்கக்கூடிய நேரயனிகளின் மொத்த அளவு, நிரம்பும் வரை போட்டதெல்லாம் ஒட்டும், அதற்கு மேலும் கொஞ்சம் ஒட்டும், அப்போது துகளின் சுமையே நேர்மின்னாக மாறிவிடும். கவனிக்க வேண்டிய ஒரு நுட்பம் மட்டும் உண்டு. மான்ட்மோரில்லோனைட்டின் பரிமாற்றத் திறனை 100 கிராமுக்கு 100 மில்லிசமானம் என்று எடுத்து, 750 சதுர மீட்டரால் பங்கிட்டால், ஒன்றேகால் சதுர நானோமீட்டருக்கு ஒரு எதிர்மின்சுமை வருகிறது. அதாவது சுமைகளுக்கு நடுவே சுமார் 1.1 நானோமீட்டர். பாலிடாட்மாக் சங்கிலியில் நேர்மின்சுமைகள் இதில் பாதி தூரத்துக்கு ஒன்று என்று நெருக்கமாக உள்ளன. ஒன்றுக்கு ஒன்று பொருந்த வழியில்லை. சங்கிலி படுத்த இடம் நேர்மின் திட்டாகவும், சுற்றியுள்ள வெற்றிடம் எதிர்மின்னாகவும் இருக்கும். ஒரு துகளின் நேர்மின் திட்டு அடுத்த துகளின் எதிர்மின் இடத்தைப் பிடிக்கும். சங்கிலி குட்டையாக இருந்தாலும் திரள் விழுவதற்கு இந்தத் திட்டுகள்தான் காரணம் என்று கிரெகரி 1973-இல் விளக்கினார்.

இனி உங்கள் ஜாடிக்குத் திரும்புவோம். எதிர்மின் பாலிஅக்ரிலமைடு கயோலினில் ஒட்டுவதற்கு மூன்று வழிகள் இருக்கின்றன. விளிம்பில் நேர்மின்சுமை இருந்தால் சங்கிலியின் எதிர்மின் கார்பாக்சிலேட் குழுக்கள் நேரடியாகப் போய் ஒட்டும். அதில்லாவிட்டாலும் மின்சுமையற்ற அமைடு குழுக்கள் விளிம்பின் ஹைட்ராக்சில்களோடு ஹைட்ரஜன் பிணைப்புப் போடும், உங்கள் பாலிமரில் கண்ணிகளில் 20, 30 சதவீதம்தான் கார்பாக்சிலேட், மீதி அமைடு என்பதை மறக்காதீர்கள். மூன்றாவது வழிதான் நடைமுறையில் பெரும்பாலும் தீர்மானிப்பது. தண்ணீரில் உள்ள கால்சியம், மெக்னீசியம். இரண்டு நேர்மின்சுமை உள்ள அயனி, ஒரு கையால் களிமண்ணையும் இன்னொரு கையால் கார்பாக்சிலேட்டையும் பிடித்துக்கொள்ளும். அதோடு சங்கிலிக்கும் துகளுக்கும் நடுவே உள்ள மின் விலக்கலையும் மறைத்துவிடும். சும்மா சோடியம் குளோரைடு போட்டாலும் விலக்கல் குறைந்து ஒட்டுதல் கூடும், ஆனால் கால்சியத்தின் பக்கத்தில் வர அதற்கு எத்தனையோ மடங்கு வேண்டும்.

இதை உங்கள் மேசையிலேயே பார்க்கலாம். ஒரே கயோலின், ஒரே பாலிமர், இரண்டு அளவு உருளை. ஒன்றில் காய்ச்சி வடித்த தண்ணீர், இன்னொன்றில் கடினத்தன்மை உள்ள குழாய்த் தண்ணீர். இரண்டையும் கொஞ்சம் காரப் பக்கம், பிஎச் 9 அளவுக்குக் கொண்டுபோங்கள், விளிம்பும் எதிர்மின் ஆகிவிடட்டும். பாலிமரை விட்டு உருளையை நான்கைந்து முறை மெதுவாகத் தலைகீழாக்கி வைத்தால், குழாய்த் தண்ணீர் உருளையில் அரை நிமிடத்துக்குள் பஞ்சுப்பொதி மாதிரி திரள் உருவாகி, மேலே தெளிந்த கோடு கண்ணெதிரே கீழே இறங்கும். காய்ச்சி வடித்ததில் பால் போலக் கலங்கியே நிற்கும். அதில் கால்சியம் குளோரைடு கரைசல் சில துளி விட்டுப் பாருங்கள், அதுவும் திரண்டுவிடும். மண் அரிப்பைத் தடுக்கப் பாசனத் தண்ணீரில் லிட்டருக்கு 10 மில்லிகிராம் அளவு எதிர்மின் பாலிஅக்ரிலமைடு கலக்கும் முறை 1990-களில் அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்துக் கிம்பர்லியில் நடந்த வயல் ஆய்வுகளிலிருந்து பரவியது. அங்கேயும் தண்ணீரில் கால்சியம் போதாவிட்டால் பலன் குறைவு. அதற்கு முன்னாடி 1951-இல் மான்சாண்டோ நிறுவனம் கிரிலியம் என்ற பெயரில் ஒரு மண் சீர்திருத்திப் பாலிமரைப் பெரிய ஆரவாரத்தோடு கொண்டுவந்தது. அதை மண்ணோடு நிறையக் கலக்க வேண்டியிருந்தது, விலை கட்டுப்படியாகவில்லை, மங்கிப்போனது. பின்னால் வந்தது மிகக் குறைந்த அளவில் வேலை செய்ததற்கு ஒரு காரணம் சங்கிலியின் நீளம்.

நீளம் என்று எவ்வளவைச் சொல்கிறேன்? மூலக்கூறு எடை ஒரு கோடி உள்ள பாலிஅக்ரிலமைடை எடுங்கள், திரளாக்கிகளில் இது சாதாரணம். ஒரு கண்ணியின் எடை 71. வகுத்தால் சுமார் 1,40,000 கண்ணிகள். கண்ணிக்கு 0.25 நானோமீட்டர் வீதம் நீட்டி வைத்தால் 35 மைக்ரோமீட்டர். களித்துகளின் அகலம் அரை மைக்ரோமீட்டர். எழுபது துகள்களை வரிசையாகக் கோக்கும் அளவுக்கு நீளமான நூல் அது. தண்ணீரில் சுருண்டுதான் கிடக்கும் என்றாலும் அந்தச் சுருளே ஒரு களித்துகள் அளவுக்கு இருக்கும். அதனால்தான் ஒரு துகளில் ஒரு பக்கம் ஒட்டியபடி மறுபக்கத்து வளையமும் வாலும் நீட்டி அடுத்த துகளைப் பிடிக்க முடிகிறது. இதுதான் பாலம் போடுவது.

இதே வேதியியலை வைத்துக்கொண்டு நீளத்தை மட்டும் குறைத்துப் பாருங்கள். மூலக்கூறு எடை சில ஆயிரமே உள்ள சோடியம் பாலிஅக்ரிலேட். அதுவும் எதிர்மின், அதுவும் விளிம்பில்தான் ஒட்டும். ஆனால் பாலம் போட நீளமில்லை. விளிம்பின் நேர்மின்சுமையை மூடி எதிர்மின் ஆக்கிவிடுவதோடு அதன் வேலை முடிந்தது. விளிம்பும் முகமும் ஒட்டிச் சீட்டுக்கட்டு வீடு போல நின்றிருந்த களிமண் சேறு, ஒரு சிட்டிகை போட்டதும் தண்ணீராக இளகி ஓடும். பீங்கான் தொழிலிலும் காகிதப் பூச்சுத் தொழிலிலும் இதைத்தான் தினமும் செய்கிறார்கள். நீளமானது சேர்த்து வைக்கிறது, குட்டையானது பிரித்து விடுகிறது. பாலிஅக்ரிலேட் களிமண்ணைத் திரட்டுமா பிரிக்குமா என்று யாராவது கேட்டால், எடை சொல்லாமல் பதில் கிடையாது.

அளவை இரட்டிப்பாக்கியதும் கலங்கியது ஏன் என்பதற்கும் பதில் பாலத்தில்தான் இருக்கிறது. ஒரு துகளிலிருந்து நீண்ட வால் அடுத்த துகளில் போய் உட்கார, அங்கே காலி இடம் வேண்டும். துகள்கள் பாதி மூடியிருக்கும்போதுதான் வாலும் இருக்கும், காலி இடமும் இருக்கும், 1960-களின் தொடக்கத்தில் லா மெரும் ஹீலியும் சொன்னது இதுதான். முழுக்க மூடிவிட்டால் எல்லாரிடமும் கை நீண்டிருக்கிறது, பிடிக்க யாரிடமும் இடமில்லை. போதாததற்கு இரண்டு துகள் நெருங்கினால் வளையங்களும் வால்களும் ஒன்றையொன்று நசுக்க வேண்டியிருக்கும், அதற்கு அவை சம்மதிக்காமல் தள்ளும். திரட்ட வந்த பாலிமர் துகள்களைப் பிரித்துக் காக்கும் பாலிமர் ஆகிவிடுகிறது. நீங்கள் தப்பாக எதையும் செய்யவில்லை, உச்சியைத் தாண்டி அந்தப்பக்கம் இறங்கிவிட்டீர்கள், அவ்வளவுதான்.

ஆனால் ஒரு எச்சரிக்கை. உச்சி இருக்கும் இடம் நீங்கள் கலக்கும் விதத்தைப் பொறுத்தும் நகரும். பாலிமர் துகளைத் தொட்டதும் ஒட்டிவிடும், அப்புறம்தான் மெதுவாகப் படிந்து தட்டையாகும். கெட்டியான கரைசலை ஒரே இடத்தில் ஊற்றினால், அங்கே இருக்கும் துகள்கள் முழுக்க மூடிக்கொண்டுவிடும், ஜாடியின் மறுபக்கத்துத் துகளுக்கு ஒன்றும் கிடைக்காது. ஒட்டிய சங்கிலி எழுந்து வந்து பங்கிட்டுக்கொள்ளாது, கம்பளிப்பூச்சியை நினைத்துக்கொள்ளுங்கள். அதனால் 0.05 சதவீதம் மாதிரி நீர்த்த கரைசலாக, கலக்கிக்கொண்டே, சீராக விடுங்கள். விட்டு முடித்ததும் வேகத்தைக் குறைத்துவிடுங்கள். திரள் உடையும் வேகத்தில் கலக்கினால் பாலங்கள் அறுந்து, தொங்கும் நுனிகள் அதே துகளின் மேல் படிந்துவிடும், மறுபடி மெதுவாகக் கலக்கினாலும் பழைய திரள் திரும்பாது. கரைசல் தயாரிக்கும்போதே மிக்சியில் அடிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன், நானும் ஒருதடவை அவசரத்துக்கு அதைச் செய்துவிட்டு, பாலிமர் சரக்கு மோசம் என்று ஒரு வாரம் திட்டிக்கொண்டிருந்தேன். 35 மைக்ரோமீட்டர் நூலை நானே துண்டுதுண்டாக வெட்டியிருக்கிறேன் என்று பிற்பாடு பாகுநிலையை அளந்தபோதுதான் தெரிந்தது.

கடைசியாக உங்கள் அளவீடு. போட்ட பாலிமரிலிருந்து மேலே தெளிந்த தண்ணீரில் மிஞ்சியதைக் கழித்தால் ஒட்டியது வருகிறது என்பதுதான் எல்லாரும் செய்வது, அதில் மூன்று இடத்தில் கால் வழுக்கும். மையவிலக்கில் சுற்றிய பிறகும் தெளிந்த தண்ணீரில் நுண்ணிய களி மிதக்கலாம், அது கார்பன் அளவீட்டையும் ஒளி அளவீட்டையும் கெடுக்கும், எனவே பாலிமர் இல்லாத களிமண் ஜாடி ஒன்றை எப்போதும் உடன் ஓட்டுங்கள். வடிதாளும் பாலிமரைப் பிடித்து வைத்துக்கொள்ளும், களிமண் இல்லாத பாலிமர் ஜாடி அதற்கு. மூன்றாவது கொஞ்சம் நுட்பமானது. கடையில் வரும் பாலிமரில் குட்டைச் சங்கிலியும் நீளச் சங்கிலியும் கலந்துதான் இருக்கும், பரப்பு நிரம்பும்போது நீளமானவை குட்டையானவற்றைத் தள்ளிவிட்டு உட்காரும். எனவே லிட்டருக்கு எத்தனை கிராம் களிமண் போட்டீர்கள் என்பதைப் பொறுத்தே சமவெப்பக் கோட்டின் வளைவு மாறும். 2 கிராமில் எடுத்த கோடும் 20 கிராமில் எடுத்த கோடும் பொருந்தவில்லை என்றால் பதறாதீர்கள், உங்கள் கை தப்பு செய்யவில்லை, பாலிமர் கலவையாக இருக்கிறது என்று அர்த்தம். இரண்டையும் ஒரே வரைபடத்தில் போட்டு, ஒட்டுதலுக்கு வழக்கமாகப் போடும் லாங்மியூர் சமன்பாட்டில் பொருத்த முயற்சி செய்யாதீர்கள். பொருந்தத்தான் செய்யும், ஆனால் அந்தச் சமன்பாடு கேட்பது ஒவ்வொரு மூலக்கூறும் ஓரிடத்தில் உட்கார்ந்து சுலபமாக எழுந்து போக வேண்டும் என்பது. அந்த இரண்டுமே இங்கே நடப்பதில்லை, கிடைக்கும் மாறிலிக்கும் பொருள் இருக்காது.

பென்டோனைட் ஜாடியை மறுபடி செய்வதாக இருந்தால், முதலில் அதில் கால்சியம் குளோரைடு கொஞ்சம் போட்டு அரை மணி நேரம் வைத்துவிட்டு அப்புறம் அதே எதிர்மின் பாலிமரை விடுங்கள். தனித்தனியாகப் பிரிந்திருந்த தகடுகள் கட்டுகளாகச் சேரும், விலக்கலும் குறையும், பாலம் போட அயனியும் கிடைக்கும். அதன் பிறகும் திரளவில்லை என்றால் பிஎச்சையும் பாலிமரின் மூலக்கூறு எடையையும் எழுதுங்கள், பார்க்கலாம்.